சாரணச் சிறுவனும் காவல் விலங்கும்

சென்ற தவணை முடிவதற்குச் சில நாள்களுக்கு முன்னர், குருளைச் சாரணர் குழுவொன்றை நடத்திவரும் ஆசிரிய நண்பர் ஒருவர் பதினான்கு அப்பியாசக் கொப்பிகளைத் துணிப்பை ஒன்றிற் சுமந்துகொண்டு என் வீட்டுக்கு வந்தார். எட்டு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் இடைப்பட்ட தம் பிள்ளைகளுக்கு அவர் ஒரு போட்டி வைத்திருந்தார். சாரணன் ஒருவனைக் கற்பனையிற் படைக்க வேண்டும். அவனுக்குத் துணையாக மந்திர சக்தி வாய்ந்த காவல் விலங்கு ஒன்றையும் படைக்க வேண்டும். இருவரும் சேர்ந்து முடித்த காரியம் ஒன்றைக் கதையாக எழுத வேண்டும். நடுவர் மூவர்: நண்பர், அவருடன் படிப்பிக்கும் இன்னோர் ஆசிரியர், நான்.

கொப்பிகளை ஒரே இரவில் வாசித்து முடித்தேன். சிறகு முளைத்த யானை, வாயால் நெருப்பைக் கக்கும் சிங்கம், கண்ணைத் திறந்தால் மின்னல் பாயும் கரும்பூனை என்று விலங்குகள் அணிவகுத்தன. ஒரு பிள்ளையின் மயில் விண்வெளிக்குப் போய்ச் சந்திரனில் நெல் கொத்திவிட்டுத் திரும்பிற்று. கற்பனைக்குக் குறைவில்லை. ஆயினும் பதின்மூன்று கொப்பிகளிலும் ஒரே குறை. கள்வர் வருவர், விலங்கு கள்வரை விழுங்கும். வெள்ளம் வரும், விலங்கு வெள்ளத்தைக் குடிக்கும். சாரணன் என்ன செய்தான்? விலங்கின் முதுகில் ஏறியிருந்தான். காரியம் முடிந்ததும் இறங்கி, ஊராரிடம் மாலை வாங்கிக்கொண்டான்.

பதினான்காவது கொப்பியில் வந்தது ஒரு நாய். எத்தகைய இருளிலும் வீட்டுக்கு வழி காணும் வரம் அதற்கு உண்டு. அவ்வளவுதான். அது பறக்கவில்லை, பேசவில்லை, எதையும் கக்கவில்லை. போதாக்குறைக்குத் தண்ணீரைக் கண்டால் அதற்குப் பயம். காட்டில் வழிதவறிய சிறுமி ஒருத்தியைத் தேடிச் சாரணனும் நாயும் போகின்றனர். அவளைக் கண்டுபிடித்துத் திரும்பும்போது ஆறு குறுக்கிடுகின்றது. வழி தெரிந்தது நாய்க்கு. ஆனால் நாய் ஆற்றில் இறங்காது. சாரணன் முதலிற் சிறுமியைக் கைப்பிடித்து அக்கரையில் விடுகின்றான். பின்னர் மார்பளவு நீரில் மீண்டும் வந்து, நாயைத் தோளிலே தூக்கிக்கொண்டு கடக்கின்றான். கதை ஒன்றரைப் பக்கம். எழுத்துப் பிழைகள் ஏராளம்.

அந்தக் கொப்பிக்கு நான் முதலிடம் கொடுத்தேன். மற்றை நடுவர் இருவரும் ஒப்பவில்லை. "மந்திர விலங்கு எங்கே? இது ஊர்நாய் அல்லவா? பிள்ளை தலைப்பையே விளங்கிக்கொள்ளவில்லையே" என்றார் இரண்டாம் ஆசிரியர். அன்று எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. அவரிடம் சொல்ல நினைத்தவற்றையே வாசகர் முன்னும் வைக்கின்றேன்.

இப்போட்டி நண்பரின் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. குருளைச் சாரணர் என்ற அமைப்பே இத்தகைய ஒரு கற்பனையின் மேல் எழுப்பப்பட்டது. சாரணர் என்ற சொல் நமக்குப் பழையது. சிலப்பதிகாரத்திலே சாரணர் எனப்படுவோர் ஊர் ஊராகச் சென்று அறம் உரைக்கும் சமண முனிவர். அரசியல் வழக்கிலோ சாரணன் என்றால் ஒற்றன். ஆங்கிலேயர் தொடக்கிய இயக்கத்துக்கு இச்சொல்லைச் சூட்டியவர் யாராயினும் நன்றாகவே சூட்டினார். அலைந்து திரிதலும் கூர்ந்து நோக்கலும் அதில் இரண்டறக் கலந்திருக்கின்றன.

தென்னாபிரிக்கப் போரிலே மாபெக்கிங் என்னும் சிறு நகரம் 1899ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல் மறு ஆண்டு மே வரை 217 நாள் முற்றுகையிடப்பட்டிருந்தது. நகரைக் காத்து நின்ற படைத்தலைவர் பேடன் பவல். அங்கே செய்தி கொண்டு ஓடும் பணியிற் சிறுவர் ஈடுபட்டிருந்ததை அவர் கண்டார். பொறுப்பை ஒப்படைத்தாற் சிறுவர் அதனைத் தாங்குவர் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வலுப்பெற்றது. 1907இல் பிறவுன்சீ என்னும் தீவிலே சிறுவர் சிலரைக் கொண்டு ஒரு பாசறை நடத்தினார். அச்சிறுவர் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஓநாய், காளை, அண்டங்காகம், கோட்டான் என்னும் நீர்ப்பறவை என்று அணிகளுக்கு விலங்கு பறவைப் பெயர்களே இடப்பட்டன. தத்தம் விலங்கின் குரலைப் பழகி, அக்குரலால் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. 1908இல் அவருடைய சாரண நூல் வெளிவந்தது. நான்கே ஆண்டுகளில், 1912இல், மாத்தளையிலும் இயக்கம் காலூன்றிவிட்டது.

அப்பொழுது ஒரு சிக்கல் எழுந்தது. அண்ணன்மார் சாரணராகப் போவதைக் கண்ட தம்பிமார் தாமும் வருவோம் என்று அடம்பிடித்தனர். சாரணப் பயிற்சியைச் சுருக்கிக் கொடுத்தால் அது குழந்தைகளுக்கு ஒத்துவராது. என்ன செய்யலாம்? பேடன் பவல் தம் நண்பர் றட்யாட் கிப்ளிங்கின் காட்டுக் கதை நூல்களை நாடினார். ஓநாய்க் கூட்டத்தில் வளரும் மௌக்லி, கூட்டத் தலைவன் அகேலா, ஆசானாகிய கரடி பலூ, தோழனாகிய கருஞ்சிறுத்தை பகீரா ஆகியோரை ஆசிரியரின் இசைவுடன் கடன் வாங்கினார். 1916இல் ஓநாய்க் குருளையருக்கான கைந்நூல் வெளிவந்தது. இன்றும் பல நாடுகளிற் குருளைத் தலைவர் அகேலா என்றே அழைக்கப்படுகின்றார். நூற்றாண்டு கடந்தும் எட்டு வயதுப் பிள்ளைகள் ஒரு கற்பனை ஓநாயின் பெயரைச் சொல்லி உறுதிமொழி கூறுகின்றனர் என்றால், அந்தக் கற்பனையில் ஏதோ உறுதியான பொருள் இருக்க வேண்டும். அஃது என்ன?

கிப்ளிங் 1865இல் பம்பாயிற் பிறந்தவர். ஐந்து வயதளவில் அவரையும் தங்கையையும் பெற்றோர் இங்கிலாந்திலே அந்நியர் வீடொன்றில் விட்டுவிட்டு இந்தியாவுக்குத் திரும்பிவிட்டனர். அக்காலத்து இந்திய ஆங்கிலேயரிடையே அது வழக்கந்தான். ஆனால் அந்த வீட்டுத் தலைவி குழந்தையை அடித்தாள், அவமதித்தாள், பொய்யன் என்று பட்டம் சூட்டினாள். ஏறக்குறைய ஆறு ஆண்டு அவர் அந்த வீட்டில் அடைபட்டுக் கிடந்தார். பின்னாளிற் சிறுகதையாகவும், முதுமையில் எழுதிய தன்வரலாற்றிலும் அந்த வீட்டை அவர் மறவாது எழுதினார். காவலர் இல்லாத பிள்ளையாக இருந்தவர், பிற்காலத்தில் ஒரு பிள்ளைக்கு ஒன்றுக்கு நான்காகக் காவலரைப் படைத்ததில் வியப்பில்லை. 1892ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலே, அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலத்திற் பனி சூழ்ந்த ஒரு சிறு வீட்டில், மனைவி முதற் குழந்தைக்குக் கருவுற்றிருந்த நாள்களிலே மௌக்லி பிறந்தான். கதை நிகழ்வதோ மத்திய இந்தியாவின் சியோனிக் காட்டில்.

ஓநாய் வளர்த்த பிள்ளை என்பது கிப்ளிங் சூனியத்திலிருந்து பெற்ற கற்பனையன்று. சிலீமன் என்னும் ஆங்கில அதிகாரி, ஓநாய்களின் குகைகளிற் கண்டெடுக்கப்பட்டனவாகச் சொல்லப்பட்ட பிள்ளைகளைப் பற்றி 1852இல் ஒரு சிறு நூல் வெளியிட்டிருந்தார். அப்பிள்ளைகள் கைகால்களால் நடந்தன, பச்சை இறைச்சி தின்றன, பேச்சு வரவில்லை. அந்த ஊமைப் பிள்ளையை எடுத்து அவனுக்கு எல்லா விலங்குகளின் மொழியையும் கொடுத்தமைதான் கிப்ளிங் செய்த மந்திரம். அந்தக் காட்டில் வேறு மந்திரம் இல்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். பகீராவுக்குச் சிறகு இல்லை. பலூ நெருப்புக் கக்குவதில்லை. பேசுகின்றன என்பதைத் தவிர அவை கரடியும் சிறுத்தையுமே.

பகீரா எவ்வாறு காவலன் ஆனான் என்று பார்ப்போம். ஓநாய்க் கூட்டம் குன்றின் மேல் கூடியிருக்கின்றது. மனிதக் குழந்தையைக் கூட்டத்திற் சேர்ப்பதா, ஷேர்கான் என்னும் புலிக்குக் கொடுத்துவிடுவதா என்பது வழக்கு. தாய் தந்தை அல்லாத இருவர் குழந்தைக்காகப் பேச வேண்டும் என்பது காட்டு விதி. பலூ பேசிவிட்டான். இரண்டாமவர் இல்லை. அப்பொழுது பகீரா எழுகின்றான். அவனுக்கு அந்தச் சபையிற் பேசும் உரிமை கிடையாது. ஆனால் ஒரு குருளையின் உயிரை விலை கொடுத்து வாங்கலாம் என்று விதியில் ஓர் இடம் உண்டு. தான் அப்பொழுதுதான் கொன்ற கொழுத்த காளை ஒன்றை விலையாகக் கொடுக்கின்றான். கூட்டம் சம்மதிக்கின்றது. அந்த விலையின் காரணமாக மௌக்லி வாழ்நாளில் மாட்டிறைச்சி தின்னலாகாது என்ற விரதமும் அவன் மேல் விழுகின்றது.

நம் பிள்ளைகளின் கதைகளிற் காவல் விலங்கு திடீரென்று தோன்றுகின்றது, கேட்டதும் கிடைக்கின்றது. கிப்ளிங்கின் கதையிலோ அதற்கு ஒரு விலை இருக்கின்றது. அந்த விலையால் இருவருக்கும் ஒரு கடன் ஏற்படுகின்றது. கதைக்கு அத்திவாரம் அந்தக் காளைதான்.

பகீரா ஏன் அந்த விலையைக் கொடுத்தான்? பல ஆண்டு கழிந்த பின்னரே, வளர்ந்த சிறுவனிடம் அவன் அதனைச் சொல்கின்றான். தன் தாடைக்குக் கீழே கையை வைத்துப் பார்க்கச் சொல்கின்றான். பட்டுப் போன்ற கருமயிரின் இடையே ஓரிடம் வழுக்கையாக இருக்கின்றது. அது கழுத்துப் பட்டியின் தழும்பு. காட்டையே நடுங்கவைக்கும் அந்தக் கருஞ்சிறுத்தை பிறந்தது காட்டிலன்று. உதயப்பூர் அரசனின் கூண்டிலே. தாயும் அங்கேதான் மாண்டாள். ஒருநாள் தான் மனிதரின் விளையாட்டுப் பொருளல்லன் என்று உணர்ந்து, பூட்டை ஒரே அறையில் உடைத்து வெளியேறினான். அந்தத் தழும்பு அவனுக்கு இருப்பதைக் காட்டில் ஒருவரும் அறியார். அம்மணக் குழந்தை ஒன்று கூட்டத்தின் நடுவே கிடந்து கூழாங்கற்களுடன் விளையாடியதைக் கண்டபோது, மனிதரிடையே தான் கிடந்த நாளை அவன் நினைத்துக்கொண்டான். அந்த இடத்தை நான் இளமையில் வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தது இன்றும் நினைவிருக்கின்றது.

காவலனுக்குக் காயம் வேண்டும். காயமில்லாத காவலன் வெறும் ஆயுதம். துப்பாக்கிக்கு நாலு கால் முளைத்தாற்போல.

இனி, மந்திரத்தைப் பற்றிய இரண்டாம் ஆசிரியரின் வினாவுக்கு வருகின்றேன். காட்டுக் கதைகளில் உண்மையாகவே மந்திர ஆற்றல் ஒன்று வருகின்றது. அது பகீராவிடமோ பலூவிடமோ இல்லை. கா என்னும் கிழ மலைப்பாம்பிடம் இருக்கின்றது. மௌக்லியைக் குரங்குக் கூட்டம் தூக்கிக்கொண்டு, மரக்கிளை வழியே பாழடைந்த நகரம் ஒன்றுக்கு ஓடிவிடுகின்றது. சிறுவன் செய்தது என்ன? அழவில்லை. மேலே பறந்த பருந்தை அதன் மொழியிலே அழைத்து, தன் தடத்தைக் குறித்துக்கொண்டு பலூவிடம் சொல்லும்படி வேண்டினான். அந்த மொழியைத்தான் முன்னாளில் பலூ அவனை அடித்து அடித்துப் படிப்பித்திருந்தான். இதைவிடச் சிறந்த சாரணச் செயல் வேறு எதனை ஒரு கைந்நூல் காட்டக்கூடும்?

பாழ் நகரத்துப் போரிலே பகீரா ஏறக்குறையத் தோற்றுவிடுகின்றான். நூற்றுக்கணக்கான குரங்குகள் மேலே விழுந்து பிடுங்க, நீர்த் தொட்டி ஒன்றிற் குதித்துத் தப்பி, பாம்பை உதவிக்கு அழைக்கின்றான். கா வருகின்றது, வென்றுவிடுகின்றது. பின்னர் நிலவொளியிலே அது தன் பசி நடனத்தைத் தொடங்குகின்றது. வளைந்தும் நெளிந்தும் அது ஆட ஆடக் குரங்குகள் மதி மயங்கி, ஓர் அடி, இன்னும் ஓர் அடி என்று அதன் வாயை நோக்கி நகர்கின்றன. அம்மயக்கத்திலே பலூவும் பகீராவும் சேர்ந்து நகர்கின்றனர்! அவர்கள் தோளில் மௌக்லி கை வைக்கின்றான். கையை எடுத்துவிடாதே, எடுத்தால் நான் பாம்பிடம் போய்விடுவேன் என்ற பொருள்பட நடுங்குகின்றான் பகீரா. மௌக்லிக்கோ ஒன்றும் விளங்கவில்லை. மூக்கிற் காயம்பட்ட பெரிய பாம்பு ஒன்று மண்ணிலே வட்டம் போடுவதைத் தவிர அவன் கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை. இருவரையும் மெல்ல இழுத்துக்கொண்டு மதிலின் வெடிப்பு வழியே வெளியேறுகின்றான்.

காப்பாற்ற வந்தவரைக் காப்பாற்றப்பட்டவன் கைப்பிடித்து நடத்திச் செல்கின்றான். அதன் பிறகும் கதையாசிரியர் அவனைப் புகழவில்லை. குரங்குகளோடு சேராதே என்ற சொல்லை மீறியதற்குத் தண்டனை காத்திருக்கின்றது. பகீரா அளந்து அரை டசின் அறை கொடுக்கின்றான். சிறுத்தையின் கணக்கில் அவை செல்லத் தட்டு. ஏழு வயதுப் பிள்ளைக்கு அவை நல்ல அடி. மௌக்லி ஒரு சொல்லும் பேசாது வாங்கிக்கொள்கின்றான். அடித்தவனின் முதுகிலேயே தலை சாய்த்து உறங்கி வீடு சேர்கின்றான்.

1967இல் வெளிவந்த வால்ற் டிஸ்னி நிறுவனத்தின் கேலிச்சித்திரப் படம் வழியாகவே இன்று பல பிள்ளைகள் மௌக்லியை அறிந்திருக்கின்றனர். பாட்டும் கூத்துமாக அது சுவையான படந்தான். குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆயினும் அதிலே காளையின் விலை இல்லை. கழுத்துப் பட்டியின் தழும்பு இல்லை. மலைப்பாம்பு கொடியவனாகிவிட்டது, அதன் மயக்கத்தில் விழுபவன் சிறுவனாகவும் ஆகிவிட்டான். ஆசான் பலூவோ விதி எதுவும் படிப்பியாத விளையாட்டுத் தோழன். என் மேசை மேற் கிடந்த பதின்மூன்று கொப்பிகளுக்கும் இந்த வகைப் படங்களுக்கும் தொடர்பு உண்டு என்றே ஐயுறுகின்றேன்.

புலியைக் கொன்ற கதையை எடுத்துக்கொண்டால், அந்தப் பெரும்போரில் பகீராவும் இல்லை, பலூவும் இல்லை. மௌக்லி அப்பொழுது ஊர் எருமைகளை மேய்ப்பவன். புலி எந்தப் பள்ளத்தாக்கில் உறங்குகின்றது, வயிறு நிறைந்திருக்கின்றதா, தப்ப வழி எது என்பவற்றை வேவு பார்த்து அறிந்து, எருமை மந்தையை இரண்டாகப் பிரித்து இருபுறமிருந்தும் விரட்டிப் புலியை மிதிபடச் செய்கின்றான். மந்தையை ஓட்ட அகேலாவும் ஓநாய்ச் சகோதரன் ஒருவனும் உதவினர். ஆனால் திட்டம் பிள்ளையினுடையது.

காவல் விலங்கு என்ற கருத்தை நாம் கிப்ளிங்கிடமிருந்துதான் கற்க வேண்டும் என்பதில்லை. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதையை எண்ணிப் பாருங்கள். தாயாற் கைவிடப்பட்டுத் தோட்டத்திற் கிடந்த குழந்தையைப் பசு ஒன்று நாவால் நக்கி, ஏழு நாள் பால் ஊட்டிக் காத்தது. குழந்தை வளர்ந்தான். வேள்விக்கென்று கட்டப்பட்டிருந்த வேறொரு பசுவை இரவிலே அவிழ்த்துக்கொண்டு போனான், பிடிபட்டு அடிபட்டான், ஊரைவிட்டே துரத்தப்பட்டான். பசு செய்த காவலுக்குப் பசுவுக்கே கைம்மாறு. அவன் இறுதியில் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த மணிபல்லவத்தை நயினாதீவு என்று கொள்வாரும் உளர். கடன், காயம், கைம்மாறு என்ற மூன்றும் அங்கேயே இருக்கின்றன. இதனைச் சிறுவர்க்கு ஏற்ற எளிய நடையில், சமயப் பாடமாக ஆக்கிவிடாமல், நம்மவர் ஒருவர் எழுதித் தரக்கூடாதா என்று பலமுறை ஏங்கியதுண்டு.

கிப்ளிங்கைப் புகழ்வது சிலருக்குக் கசக்கும் என்பதை அறிவேன். எனக்கும் கசக்கும் இடங்கள் உண்டு. அவர் ஏகாதிபத்தியத்தின் பாடகர். காட்டு விலங்குகளுக்குக் கொடுத்த மதிப்பை இந்திய ஊர் மக்களுக்கு அவர் கொடுக்கவில்லை. மௌக்லி கதைகளில் வரும் கிராமத்தார் பேராசைக்காரராகவும் மூடராகவுமே வருகின்றனர். இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. 1893இல், காட்டு நூலுக்கு முன்னரே, மௌக்லியை வாலிபனாகக் காட்டும் கதையொன்றை அவர் வெளியிட்டிருந்தார். அதிலே அந்தக் காட்டுப் பிள்ளை என்னவாகின்றான் தெரியுமா? அரசாங்க வனப் பாதுகாப்புப் பகுதியிலே சம்பளம் பெறும் காவலாளாகின்றான்! எல்லாக் காட்டு வழிகளும் ஒரு கந்தோர் வாசலில் முடிய வேண்டும் என்பது அக்கால ஆங்கிலேயரின் கனவு. சாரணர் இயக்கமும் அந்தக் கனவின் நிழலிலே தோன்றியதுதான். பேரரசு போயிற்று, கந்தோர்கள் கைமாறின. அந்தச் சிறுத்தையை நாம் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

கிப்ளிங் அந்தக் கனவுக்குக் கொடுத்த விலையையும் சொல்லத்தான் வேண்டும். அவருக்கு யோன் என்று ஒரே மகன். பார்வை மிகக் குறைந்தவன். 1914இல் போர் மூண்டபோது படையிற் சேர்க்க மறுக்கப்பட்டான். தந்தை தம் செல்வாக்கைப் பயன்படுத்தி, பழைய சேனாபதி ஒருவரைப் பிடித்து, ஐரிஷ் காவற் படையில் அவனுக்குப் பதவி வாங்கிக் கொடுத்தார். 1915ஆம் ஆண்டு செப்தெம்பரில், பதினெட்டு வயது நிறைந்து சில வாரங்களே ஆகியிருக்க, பிரான்சிலே லூஸ் போர்க்களத்தில் அவன் மறைந்தான். தந்தை வாழ்ந்த காலம் முழுவதும் உடல் கண்டுபிடிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டுதான் குருளையரின் கைந்நூல் வெளிவந்தது. தாம் படைத்த அகேலாவின் பெயரைச் சொல்லிச் சின்னஞ்சிறு பிள்ளைகள் வட்டமாகக் குந்தியிருந்து ஊளையிடும் செய்தி அந்த வீட்டுக்கும் எட்டியிருக்கும். அதை அவர் எவ்வாறு கேட்டிருப்பார் என்று எண்ணும்போது, அவரோடு வழக்காட எனக்கு மனம் வருவதில்லை.

இருபது ஆண்டுக்கு முன்னரே, 1895இல் வெளிவந்த இரண்டாம் காட்டு நூலின் கடைசிக் கதையில், பிள்ளையை எவ்வாறு அனுப்பிவைப்பது என்பதை அவர் எழுதிவிட்டிருந்தார். மௌக்லிக்குப் பதினேழு வயதாகின்றது. வசந்த காலம். காட்டிலே ஒவ்வோர் உயிரும் தன் பாட்டைப் பாடிக்கொண்டு போய்விட, அவனுக்கு மட்டும் காரணமறியாத துயரம். மனிதரிடம் திரும்ப வேண்டிய காலம் வந்துவிட்டது. கிழட்டுப் பலூவுக்குக் கண் தெரியவில்லை. கா தன் தோலை உரிப்பதைப் பற்றிப் பேசுகின்றது. பகீராவை மட்டும் காணவில்லை. இறுதியில் அவன் வருகின்றான். முன்னங்கால் ஈரமாக இருக்கின்றது. காளை ஒன்றைக் கொன்றுவிட்டு வந்திருக்கின்றான். முதற் கதையிற் கொடுத்த விலை கடைசிக் கதையிலே தீர்க்கப்படுகின்றது. பிள்ளை இனி எவருக்கும் கடனாளியல்லன். பகீரா குனிந்து அவன் பாதத்தை நக்கிவிட்டு, ஒரே பாய்ச்சலில் மறைந்துவிடுகின்றான்.

இவற்றையெல்லாம் நண்பருக்கும் இரண்டாம் ஆசிரியருக்கும் ஒரு மாலை நேரத்திற் சொன்னேன். நண்பர் தலையாட்டினார். மற்றவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "எல்லாம் சரி ஐயா, ஆனால் அந்தப் பிள்ளை கிப்ளிங்கை வாசித்திருக்க மாட்டானே. நீங்கள்தான் அவன் நாய்க்குச் சிறுத்தைத் தோல் போர்த்துகின்றீர்கள்" என்றார். அதில் நியாயமில்லாமல் இல்லை. வாக்கெடுப்பில் நான் தோற்றேன். சிறகு முளைத்த யானைக்கு முதற் பரிசு. நாய்க்கு இரண்டாம் பரிசு.

பரிசளிப்பு நாளிலே அந்தச் சிறுவனைத் தனியே அழைத்தேன். ஒல்லியான பிள்ளை, கழுத்துப் பட்டி ஒருபுறம் சரிந்து கிடந்தது. "நாய்க்குத் தண்ணீரைக் கண்டால் ஏன் பயம்?" என்று கேட்டேன்.

"குட்டியா இருக்கேக்கை கிணத்துக்கை விழுந்தது, சேர். அப்பாதான் இறங்கித் தூக்கினவர்."

"அதைக் கதையில் எழுதியிருக்கலாமே?"

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அது கதையில்லை, சேர். அது எங்கட வீட்டு நாய்" என்று சொல்லிவிட்டு, கொப்பியை வாங்கிக்கொண்டு ஓடினான்.